என் நம்பரில் கீழத்தெரு அண்ணன்

அன்றைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸின் அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். இருபது வருஷத்துக்கு முன்னால் எனக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அலுவலக அம்மா. அவருக்குப் பின்னால் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதோ ஒரு காகிதக் கட்டைத் தேடிக்கொண்டிருந்த உதவியாளர். என் வேலை முடியட்டும் என்று சுவரில் சாய்ந்து நின்ற லாரிக்காரர் ஒருவர். இவ்வளவு கணக்காக எழுதக் காரணம் இருக்கிறது. பிற்பாடு பல பேர் தாங்களும் அன்றைக்கு அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் மட்டும் அப்படி நாலு பேர். இல்லை. அறையில் இருந்தது ஐந்தே பேர்தான்.

நான் மேல்மலைக்காரன். கொடைக்கானல் தாண்டி, பூம்பாறையும் தாண்டி பஸ்ஸில் இன்னும் முக்கால் மணி நேரம் போக வேண்டும். வீட்டில் பூண்டு போட்ட அரை ஏக்கர் உண்டு. ஆனால் சோறு போடுவது ஸ்டியரிங்தான். செண்பகனூரில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவருக்குப் பதினோரு வருஷமாக கார் ஓட்டுகிறேன். வாரத்தில் ஆறு நாள் அவர் கார் ஷெட்டை ஒட்டிய அறையில் படுக்கை, ஒரு நாள் ஊர். டீச்சரம்மாவுக்குக் கண்ணில் கோளாறு. மாதம் ஒரு தடவை மதுரைக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டுக் கூட்டிவர வேண்டும். ஓர் ஊசி தவறினாலும் பார்வை இறங்கும், இறங்கியது திரும்ப ஏறாது என்று டாக்டர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அன்றிலிருந்து அந்தத் தேதி அவருக்கு மறந்தாலும் எனக்கு மறக்காது.

எனக்குப் பயந்த சுபாவம். ஏழாவதோடு படிப்பை விட்டவன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அரசாங்க முத்திரை குத்திய காகிதம் எதைப் பார்த்தாலும் அதில் எனக்கு எதிராக ஏதோ இருக்கிறது என்று தோன்றும். ஹேண்ட்பிரேக் போட்ட பிறகும் சக்கரத்துக்குக் கல் வைப்பேன். லைசென்ஸ் கார்டை இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தேன், பனி உள்ளே இறங்கிவிடும் என்று. அது காலாவதியாக இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே டாக்டர் சர்டிபிகேட்டும் ஏழு செட் ஜெராக்ஸும் எடுத்துக்கொண்டு கொடைக்கானல் பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

அங்கே இருந்த பெண் என் நம்பரை அடித்தாள். மறுபடியும் அடித்தாள்.

"அண்ணா, இந்த நம்பர் லாக்னு வருதுண்ணா. ஏதோ கேஸ் பெண்டிங்."

"என்ன கேஸும்மா?"

"அது இதுல காட்டாதுண்ணா. மலைக்குக் கீழ ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல போய் நேர்ல கேளுங்க."

கேஸ். அந்த ஒரு சொல் போதும் எனக்கு. செண்பகனூர் வரைக்கும் நடந்தே வந்தேன், டவுன் பஸ் இரண்டு என்னைத் தாண்டிப் போனது தெரியாமல். செய்த தப்புகளை எல்லாம் வரிசையாக எடுத்துப் பார்த்தேன். பெருமாள்மலை வளைவில் ஒரு தடவை ஹாரன் அடிக்காமல் திரும்பியது. ஏரிக்கரையில் நோ பார்க்கிங் பலகைக்கு அந்தப் பக்கம் பாதி வண்டியும் இந்தப் பக்கம் பாதி வண்டியுமாக நிறுத்தியது. வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு நாய்; அது எழுந்து ஓடியதைக் கண்ணாடியில் பார்த்தேன், ஆனாலும்.

டீச்சரம்மா கேட்டுவிட்டுச் சிரித்தார். "உன் மேல கேஸா? ஆளே இல்லாத ரோட்டுல இண்டிகேட்டர் போடற ஆளாச்சேப்பா நீ." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். "ஆனா பாரு, நாளைக்கு வழியில ஒண்ணு ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரன் கேப்பான். கிளியர் பண்ணிட்டு வா. அதுவரைக்கும் சாவி என்கிட்டயே இருக்கட்டும். அடுத்த ஊசிக்குள்ள முடியலைன்னா ஸ்டாண்ட்ல இருந்து ஒரு ஆக்டிங் டிரைவரை வெச்சுக்கறேன்."

அடுத்த ஊசிக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. ஆக்டிங் டிரைவராக வந்தவர்கள் அப்படியே தங்கிவிட்ட வீடுகள் எனக்கு நாலைந்து தெரியும். ஒரு வீட்டில் நானே அப்படித்தான் சேர்ந்தேன், இந்த வீட்டில்.

மாஸ்டருக்குப் போன் செய்தேன். மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸில் இறங்கினேன். அவர் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது, தொந்தி மட்டும் அப்படியே இருந்தது.

கம்ப்யூட்டர் அம்மா என் பெயரைக் கேட்டார். அப்பா பெயரைக் கேட்டார். பிறந்த தேதியைக் கேட்டார். கார்டை வாங்கி நம்பரை அடித்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். பிறகு திரையையே என் பக்கம் திருப்பினார்.

"இது யாரு?"

என் பெயர் இருந்தது. என் அப்பா பெயர் இருந்தது. என் வீட்டுக் கதவு எண் இருந்தது. அதற்குப் பக்கத்தில், கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, எங்கள் ஊர்க் கீழத்தெரு அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. பஸ் மலை இறங்கும்போது அடைக்குமே, அந்த மாதிரி. அம்மா ஏதோ சொல்வது வாயசைவில் தெரிகிறது, சத்தம் வரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் திரும்பி வந்தபோது அவர் படித்துக்கொண்டிருந்தார்: "குடிபோதையில் வாகனம் ஓட்டியது. அபராதம் பத்தாயிரம், கட்டலை. லைசென்ஸை மூணு மாசம் சஸ்பெண்ட் பண்ணச் சொல்லியும் எழுதியிருக்காங்க. அதான் லாக்."

"அம்மா, நான் குடிக்கிறதே இல்லைங்கம்மா."

"எல்லாரும் சொல்றதுதான்" என்றார் சுவரோரம் நின்ற லாரிக்காரர். பிறகு என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "இல்லம்மா, இவரு நெசமாவே குடிக்க மாட்டாருபோல. குடிக்கிறவன் இம்புட்டுப் பயப்பட மாட்டான்" என்றார். பீரோ உதவியாளர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இங்கே எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் தலைச்சன் ஆண்பிள்ளைக்குக் கோயில் சாமி பெயரைத்தான் வைப்பார்கள். அப்பாவும் தலைச்சனாக இருந்தால் அவருக்கும் அதே பெயர். ஆகவே பெயரும் அப்பா பெயரும் ஒன்றாகவே உள்ளவர்கள் ஊரில் ஏழெட்டுப் பேர் தேறுவார்கள். ஊருக்குள் இதனால் ஒரு குழப்பமும் வந்ததில்லை. மேலத்தெரு, கீழத்தெரு, ஓடைக்கரை என்று சொன்னால் ஆள் தெரிந்துவிடும். பிறந்த தேதியும் இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு எந்த அப்பனுக்கும் தேதி தெரியவில்லை. வாத்தியார் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தின் முதல் தேதியைப் போட்டுவிட்டார். கீழத்தெரு அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆடு மேய்க்க வைத்திருந்து தாமதமாகச் சேர்த்ததால் என் வகுப்பில் சேர்ந்தார், நான் பிறந்த அன்றைக்கே பிறந்தும்விட்டார்.

நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் இந்த மாஸ்டரிடம் டிரைவிங் கற்றுக்கொண்டோம். ஒரே நாளில் டெஸ்டில் எட்டு போட்டோம்.

இதை நான் திக்கித் திக்கிச் சொல்லி முடிப்பதற்குள் மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, இதே பேர்ல, இதே தேதியில இன்னொண்ணு இருக்கும். தேடிப் பாருங்க."

அம்மா தேடினார். இன்னொன்று வந்தது. கதவு எண் கீழத்தெருவுடையது. முகம் என்னுடையது. இருபத்துமூன்று வயது முகம். அதே கோட்டு, அதே டை. ஸ்டுடியோவில் இருந்தது ஒரே கோட்டு, ஒருவர் கழற்றி இன்னொருவர் போட்டோம். அந்த வயதில் நான் அப்படிச் சிரித்திருக்கிறேன் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

"ஸ்டுடியோக்காரன் ரெண்டு கவர்ல போட்டோ குடுத்தான்" என்றார் மாஸ்டர். "கவர் மேல பேர் எழுதியிருந்தான். ரெண்டுலயும் ஒரே பேரு. நான் பேரைப் பார்த்து அப்ளிகேஷன்ல ஒட்டினேன். கார்டுல ஒட்டறப்ப ஆளை நேர்ல நிக்க வெச்சுப் பார்த்து ஒட்டினாங்க, அதனால கார்டு சரியா வந்துருச்சு. அப்ளிகேஷனைத்தான் பின்னாடி கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்காங்க." அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "தப்பு என்னோடதுதான் தம்பி. இருபது வருஷமா எனக்கே தெரியாது."

அம்மா பக்கத்து அறைக்குப் போய் அதிகாரியிடம் கேட்டு வந்தார். வழி இருந்தது. முதலில் இந்த நம்பரில் இருக்கும் அபராதத்தைக் கோர்ட்டில் கட்டி ரசீது கொண்டுவர வேண்டும். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து வர வேண்டும், இரண்டு கார்டோடு. குடித்து ஓட்டியது நான்தான் என்று கீழத்தெரு அண்ணன் தன் கைப்பட எழுதிக் கொடுத்தால் சஸ்பென்ஷன் அவர் நம்பருக்குப் போகும், போட்டோ இரண்டும் இடம் மாறும், லைசென்ஸைப் புதுப்பித்து எனக்குப் புதுக் கார்டு அனுப்புவார்கள்.

"அவர் வரலைன்னா?"

"அப்ப நீங்கதான் குடிச்சீங்க" என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒரே எண்ணம். இத்தனை வருஷம் நான் டீச்சரம்மாவைக் கூட்டிக்கொண்டு இறங்கி ஏறிய ஒவ்வொரு வளைவிலும், கம்ப்யூட்டர் கணக்குப்படி ஓட்டியது கீழத்தெரு அண்ணன். எங்கேயாவது வண்டி பள்ளத்தில் போயிருந்தால், போலீஸ் நம்பரை அடித்துப் பார்த்து, இறந்தவன் இவனில்லை, இவன் யாரோ என்று சொல்லியிருப்பார்கள். என் பெண்டாட்டி என் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று இது என் புருஷன்தான் என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்திருக்கும். சில்வர் அருவியில் சுற்றுலாக்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாந்தி வந்தது. மலை பஸ்ஸில் எனக்கு வாந்தி வந்தது அது ஒரு தடவைதான்.

நேராக ஊருக்குப் போனேன். கீழத்தெரு அண்ணன் பூண்டுக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே சொன்னேன். அவர் குனிந்த தலையை நிமிர்த்தாமல் கேட்டார். முழுக்கச் சொல்லி முடித்ததும் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மலையே எதிரொலிக்கிற மாதிரி சிரித்தார்.

"ஏலே, அப்ப என் நம்பர்ல நீ கோட்டு போட்டு உக்காந்திருக்கியா?"

"சிரிக்காதீங்கண்ணே. எனக்கு உசுரு போகுது. குடிச்சு மாட்டுனது எப்ப?"

"அது போன சீசன்ல. ஏரி ரோட்டுல. கேரட் லோடு எறக்கிட்டு ஒரு குவார்ட்டரு. கார்டு வீட்டுல கெடந்துச்சு. பேரு, பொறந்த தேதி சொன்னேன். கையில ஒரு மெசின் வெச்சிருந்தான், தட்டினான், என் மூஞ்சி வந்துச்சு. என் மூஞ்சிதான வந்துச்சு, நான் என்னத்தக் கண்டேன்? ஒரு சீட்டு குடுத்தான். வர்ற வழியில அத மடிச்சு பீடி பத்த வெச்சேன்."

"பத்தாயிரம்ணே."

"பத்தாயிரமா! நான் குடிச்சது எறநூறு ரூவாய்க்குக்கூட வராதுலே."

"நீங்க வந்து எழுதிக் குடுக்கணும்."

சிரிப்பு நின்றது. "எழுதிக் குடுத்தா?"

"மூணு மாசம் வண்டி எடுக்க முடியாது."

"கேரட் எடுக்கப்போற நேரத்துல மூணு மாசம் நான் பிக்கப் வண்டிய நிறுத்திட்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தலையில சுமக்கவா? போலே. ஒன் நம்பர்லதான கெடக்கு, நீயே வெச்சுக்க. அந்த டீச்சரம்மாவ எவனாச்சும் கூட்டிட்டுப் போவான். அதோட, இது ஒங்க மதினிக்குத் தெரிஞ்சுச்சு, அவ்வளவுதான். நான் குடிய விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணி ரெண்டு வருசமாச்சு."

அவர் குனிந்து மறுபடியும் களை எடுக்கத் தொடங்கினார். எனக்குச் சண்டை போடத் தெரியாது. மிரட்டவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், பஸ்ஸில் வரும்போது செய்துகொண்டு வந்த வேலை. அதையே அவருக்கும் செய்தேன்.

"அண்ணே, எனக்கு ஆனது போகட்டும். ஒங்க நம்பர்ல என் மூஞ்சி கெடக்கு. லோடோட போறப்ப ஒங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னு வைங்க. ஆக வேணாம். ஆச்சுன்னா, இன்ஷூரன்ஸ்காரன் நம்பர அடிப்பான். ஓட்டுனவன் வேற, லைசென்ஸ்ல இருக்கறவன் வேறம்பான். ஒரு பைசா தரமாட்டான். வண்டிக் கடன் அப்படியே கெடக்கும். மதினி ஒங்க எறப்பு சர்டிபிகேட்டத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு ஆபீஸா ஏறி, செத்தது என் புருசன்தான், இவனில்ல இவனில்லன்னு என் போட்டோவக் காட்டி அழுதுக்கிட்டு நிக்கணும்."

அவர் கை நின்றது. ஒரு பூண்டுச் செடியைக் களையென்று பிடுங்கிவிட்டிருந்தார்; அதைப் பார்த்தார், திரும்ப மண்ணில் ஊன்றி அழுத்தினார்.

"நீ எந்நேரமும் இப்பிடித்தான் யோசிச்சுக்கிட்டே இருப்பியாலே?"

"ஆமாண்ணே."

"எப்பிடிலே உசுரோட இருக்க?"

பிறகு வரப்பில் வந்து உட்கார்ந்து, இருக்கிற நிலைமையைச் சொன்னார். கையில் பணம் இல்லை. பூண்டு இன்னும் இரண்டு மாதம் மண்ணுக்குள் இருக்கும். அபராதத்தை நான் கட்டினால் அவர் வந்து எழுதிக் கொடுப்பார். மூன்று மாதம் வண்டிக்கு மச்சினனை ஓட்டச் சொல்லுவார். பூண்டு எடுத்ததும் பத்தாயிரத்தையும் திருப்பித் தருவார். மதினிக்கு மட்டும் தெரியக் கூடாது.

மகள் நர்சிங் சேருவதற்கு என்று ஒதுக்கி வைத்திருந்த பணத்திலிருந்து பத்தாயிரம் எடுத்தேன். என் பெண்டாட்டி எண்ணிக் கொடுத்தாள். ஒவ்வொரு நோட்டையும் இரண்டு தடவை தடவிப் பார்த்துக் கொடுத்தாள். குடிக்காத சாராயத்துக்குக் கோர்ட்டில் வரிசையில் நின்று கட்டினேன். எனக்கு முன்னால் நின்றவர், "எம்புட்டு அடிச்சீங்க?" என்று பிரியமாக விசாரித்தார். குடிக்கவே இல்லை என்று சொன்னால் நம்பியிருக்க மாட்டார்.

ரசீதோடு இரண்டு பேரும் கீழே போனோம். கம்ப்யூட்டர் அம்மா எங்களை அருகருகே நிற்க வைத்துப் பார்த்தார். கீழத்தெரு அண்ணன் வெள்ளைத் தாளை வாங்கி, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, பெரிய பெரிய எழுத்தில் எழுதினார். அவரும் என்னோடு ஏழாவதில் நின்றவர்தான். எழுதி முடித்துக் கார்டை மேசையில் வைத்தபோது அதன் மேலிருந்து விரலை எடுக்கச் சற்று நேரம் ஆயிற்று. இருவரையும் புதிதாகப் போட்டோ எடுத்தார்கள்.

"இனிமே ரெண்டு பேரும் ஒரே நாள்ல இங்க வராதீங்க" என்றார் அம்மா.

மேலே வரும் பஸ்ஸில் அண்ணன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் முன் சீட்டின் அடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. ஊத்து என்ற ஊர் தாண்டும் வரை நானும் மிதித்துக்கொண்டுதான் வந்தேன் என்பதை அவர்தான் காட்டினார்.

பிறகு தபால்காரரை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வீட்டுக்குப் போன் செய்து கேட்டேன். வரவில்லை. ஊசிக்கு மூன்று நாள் இருக்கும்போது டீச்சரம்மா டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போன் போட்டு வாடகை விசாரித்தது என் அறை வரைக்கும் கேட்டது. அன்றைக்குச் சாயங்காலமே என் பெண்டாட்டி கூப்பிட்டாள். "வெரசா வாங்க. மதினி வந்து உக்காந்திருக்காக. ஒங்க கார்டு அவுக கையில இருக்கு."

தபால்காரர் எங்கள் ஊருக்குப் புதுசு. பெயரைப் பார்த்தார், முதலில் வந்த கீழத்தெருவிலேயே கொடுத்துவிட்டார். மதினி கையெழுத்துப் போட்டு வாங்கி, உறையைப் பிரித்திருக்கிறார். புருஷன் பெயர், மாமனார் பெயர், புருஷன் பிறந்த தேதி. முகம் மட்டும் நான்.

கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் மதினி அண்ணனிடமிருந்து எல்லாவற்றையும் கறந்து முடித்திருந்தார். ஏரி ரோடு, குவார்ட்டர், பீடிச் சீட்டு, என் மகளின் பணம் எல்லாம். கண் சிவந்திருந்தது.

"என்ன தம்பி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டீகளா? இந்த மூஞ்சியப் பார்த்ததும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. இந்த மனுசன் எங்கேயோ ஒழிஞ்சு போயிட்டாருன்னு ஒரு நிமிசம் நெனச்சுட்டேன்."

"அண்ணன்தான் சொல்லக் கூடாதுன்னாரு, மதினி."

"அவரு எதத்தான் சொல்லச் சொன்னாரு இதுவரைக்கும்?"

முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டாயிரம் ரூபாயை வைத்தார். பால் வாங்கும் பணம் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், என் பெண்டாட்டி எடுத்துக்கொண்டாள்.

ஊசி நாளன்று விடியும் முன்பே சாவியை டீச்சரம்மா என் கையில் கொடுத்தார். கார்டை வாங்கி, கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். "ஏம்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற போட்டோவுல?" என்றார். மதுரைக்குப் போய்வந்தோம். பார்வை இறங்கவில்லை என்று டாக்டர் சொன்னார். வழியில் இரண்டு இடத்தில் வண்டியை ஓரம்கட்டிக் கார்டை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். இரண்டு தடவையும் நான்தான் இருந்தேன்.

இந்த வருஷம் பூண்டு விலை விழுந்துவிட்டது. சந்தையிலிருந்து வந்த அன்றைக்குக் கீழத்தெரு அண்ணன் வீட்டு வாசலில் நின்று, முகத்தைப் பார்க்காமல் ஆயிரத்து அறுநூறு கொடுத்தார். மூன்று மாதம் முடிந்து அவர் பிக்கப்பில் மறுபடியும் லோடு ஏற்றுகிறார். எதிரில் வந்தால் எனக்கு இரண்டு தடவை ஹாரன் அடிக்கிறார், நானும் அடிக்கிறேன். மகளுக்கு ஆவணியில் கல்லூரியில் பணம் கட்ட வேண்டும். கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் தர வேண்டியது இன்னும் ஆறாயிரத்து நானூறு ரூபாய்.